இசைச்சரம் தொடுக்கும் கலை

பூக்கட்டும் பெண்மணி பூச்செடி வளர்ப்பதில்லை. மல்லிகை ஒரு தோட்டத்திலிருந்து வருகிறது, கனகாம்பரம் இன்னொன்றிலிருந்து, மரிக்கொழுந்து எங்கிருந்தோ வருகிறது. ஆயினும் கதம்பம் என்று ஒன்றை நாம் கூந்தலில் சூடும்போது, அதைத் தொடுத்த விரல்களின் வேலையையும் சேர்த்தே சூடுகிறோம். நெருக்கித் தொடுத்த சரம் மாலைவரை நிற்கும். நெகிழ்ந்து தொடுத்ததோ பள்ளி மணி அடிப்பதற்குள் உதிரத் தொடங்கிவிடும்.

இசையிலும் இவ்வாறு தொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு. பிறர் ஆக்கிய பத்துப் பதினைந்து இசைத்துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, நடுவே மௌனம் என்பதே இல்லாதபடி ஒன்றோடொன்று பிணைத்து, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் ஒரே இசையாக அவர்கள் தருகிறார்கள். இதற்கு ‘டி.ஜே. மிக்ஸ் ஆல்பம்’ என்று பெயர். “பாடவில்லை, வாத்தியம் வாசிக்கவில்லை, மெட்டும் அமைக்கவில்லை, பிறருடைய இசைத்தட்டைச் சுழலவிடுவதில் என்ன கலை இருக்கிறது?” என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேட ஓர் இசைவகையையும் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தையும் எடுத்துக்கொள்வோம். இசைவகை ‘புரோகிரெசிவ் ஹவுஸ்’. நிறுவனம் லண்டனிலுள்ள ‘அஞ்சுனாடீப்’.

‘ஹவுஸ்’ என்றால் வீடு என்றுதானே நாம் படித்திருக்கிறோம்? இந்த இசைக்கு அப்பெயர் ஒரு கிடங்கிலிருந்து வந்தது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ‘வேர்ஹவுஸ்’ என்னும் நடனக்கூடம் ஒன்று இருந்தது. வேர்ஹவுஸ் என்றால் சரக்குக் கிடங்கு. நியூயார்க்கிலிருந்து 1977-இல் அங்கு வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற கறுப்பின இளைஞர் இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து வாசிப்பதில் வல்லவராக விளங்கினார். கறுப்பின மக்களும், சமூகம் ஒதுக்கி வைத்த பிறரும் அங்கே கூடினர். அந்தக் கூடத்தில் கேட்கும் இசை என்ற பொருளில், பெயரின் பின்பாதி மட்டும் நின்று ‘ஹவுஸ்’ ஆயிற்று.

அதே சிகாகோ நகரில், 1979 ஜூலை 12 அன்று, பேஸ்பால் மைதானம் ஒன்றில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிஸ்கோ செத்துவிட்டது என்று பலரும் எழுதினார்கள். அந்தச் சிதறலுக்குப் பிறகும் நக்கிள்ஸ் அதே டிஸ்கோ தட்டுகளை எடுத்து, நீட்டி, மேளத்தை வலுப்படுத்தி வாசித்துக்கொண்டிருந்தார். 1980-களில் மின்னணு மேளக் கருவிகள் மலிவு விலைக்குக் கிடைக்கத் தொடங்கியதும், இளைஞர்கள் வீட்டு அறைகளிலேயே புதிய இசை செய்தார்கள். நக்கிள்ஸ் 2014-இல் மறைந்தார். வேர்ஹவுஸ் இருந்த கட்டடத்தைச் சிகாகோ மாநகராட்சி 2023-இல் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவித்தது. வெடிவைத்த நகரமே பின்னர் அந்த இசையின் பிறப்பிடத்தைப் போற்றிக் காக்கிறது!

இந்த இசை கடல் கடந்து இங்கிலாந்து சேர்ந்தபோது சற்றே குணம் மாறியது. ஆரவாரம் குறைந்தது, நிதானம் கூடியது. ஒரே தாளக்கட்டின் மேல் சிறுசிறு ஒலிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, ஏழெட்டு நிமிடங்களில் மெல்ல வளர்ந்து, மெல்ல வடிந்தன. நம் வித்துவான் ஒரு ராகத்தின் முழு உருவத்தையும் எடுத்த எடுப்பிலேயே காட்டிவிடாமல் ஆலாபனையில் படிப்படியாக விரிப்பது போன்றது இது. 1992-இல் ‘மிக்ஸ்மேக்’ என்னும் ஆங்கில இசைப் பத்திரிகையில் எழுதிய டாம் ஃபிலிப்ஸ் என்பவர் இதற்குப் ‘புரோகிரெசிவ் ஹவுஸ்’ என்று பெயர் சூட்டினார். முன்னேறிச் செல்வது, படிப்படியாக விரிவது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

பெயர் சூட்டிய இவரைப் பற்றி இங்கே இரண்டு வரி சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. இவர் அப்பத்திரிகையின் ஆசிரியராகவும் இருந்தார். பின்பு 2007-இல் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்து, அமேசான் காடுகளையும் அங்கு வாழும் பழங்குடி மக்களையும் பற்றி எழுதினார். 2022 ஜூன் 5 அன்று ஜவாரி பள்ளத்தாக்கில், பழங்குடி மக்களுக்காக உழைத்த புரூனோ பெரெய்ரா என்பவருடன் படகில் வந்துகொண்டிருந்தபோது இருவரும் கொல்லப்பட்டனர். அவர் பாதி எழுதி வைத்திருந்த அமேசான் நூலை நண்பர்கள் கூடி முடித்து 2025-இல் வெளியிட்டார்கள். நடன இசைக்குப் பெயர் வைத்த கை காட்டைக் காக்கவும் எழுதியது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இரவு விடுதியில் வளர்ந்த இசை ஆயிற்றே என்ற தயக்கம் பெரியவர்களுக்கு இருப்பதில் வியப்பில்லை. இங்கிலாந்து அரசுக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வயல்வெளிகளில் கூடி விடிய விடிய ஆடியபோது, போதைப் பொருள்களும் அங்கே புழங்கின என்பது மறைக்க முடியாத உண்மை. 1994-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இயற்றிய குற்றவியல் சட்டம் ஒன்று இத்தகைய இரவுக் கூட்டங்களைக் கலைக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்குத் தந்தது. திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளத் தட்டுகளைக் கொண்ட இசை என்று, இசையின் இலக்கணத்தையே சட்டத்துக்குள் எழுதிவைத்தார்கள். நம் பஜனையிலும் கும்மியிலும்கூடத் தாளம் திரும்பத் திரும்பத்தான் வருகிறது. சட்டம் எழுதியவர்கள் கும்மி பார்த்ததில்லை போலும்!

சட்டம் வந்த அதே 1994-இல்தான் இந்த இசை விடுதியை விட்டு வீட்டுக்கும் வந்தது. சாஷா, ஜான் டிக்வீட் என்ற இருவர் ‘ரினைசான்ஸ்’ என்னும் நடன விடுதியின் பெயரில் மூன்று குறுந்தகடுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார்கள். விடுதியின் வாசலையே மிதிக்காதவர்களும் வீட்டில் அமர்ந்து, தொடக்கம் முதல் முடிவு வரை அதைக் கேட்கலாயினர். ஆடுவதற்கு மட்டும் என்றிருந்த இசை, அமர்ந்து கேட்பதற்கும் உரியதாயிற்று. இந்த இசையில் பெரும்பகுதிக்குச் சொற்களே இல்லை. இருந்தாலும் ஓரிரு வரிகள்தாம். கணக்குப் போடும்போது ஒலிக்கவிட்டால் கவனத்தைப் பிடித்து இழுக்காது என்பது இதைக் கேட்பவர்களில் பலர் சொல்வது.

இப்போது நிறுவனத்துக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டு லண்டனில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஜோனோ கிராண்ட், பாவோ சில்யமாகி என்ற இரு மாணவர்கள் ‘அஞ்சுனாபீட்ஸ்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் ஆங்கிலேயர், மற்றவர் பின்லாந்துக்காரர். பெயர் மட்டும் நம் நாட்டுடையது. கோவாவிலுள்ள அஞ்சுனா கடற்கரையின் பெயரைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஹிப்பி இளைஞர்கள் முகாமிட்ட காலம் முதலே அக்கடற்கரை மேலைநாட்டு இசைக்காரர்களிடையே பெயர் பெற்றது. வேகம் மிகுந்த இசையையே வெளியிட்டுவந்த இந்நிறுவனம், நிதானமான ஹவுஸ் இசைக்கென 2005-இல் ‘அஞ்சுனாடீப்’ என்ற தங்கை நிறுவனத்தை ஏற்படுத்தியது.

இந்தத் தங்கை 2009-இல் ஒரு வரிசையைத் தொடங்கினாள். ‘அஞ்சுனாடீப் 01’ என்பது முதல் தொகுப்பு. அலங்காரப் பெயர் எதுவும் கிடையாது, வெறும் எண்தான். தன்னிடம் உள்ள இசைத்துண்டுகளைத் தானே தேர்ந்து, இணைத்து, பெரும்பாலும் இரண்டு குறுந்தகடுகளாக வெளியிடுவது வழக்கம். பத்தாவது எண் 2019-இல் வந்தது. கிட்டத்தட்ட ஆண்டுக்கு ஒன்று. நம் பள்ளியின் ஆண்டு மலர் போல என்று சொன்னால் எளிதில் விளங்கும். அவ்வாண்டில் யார் யார் என்ன செய்தார்கள் என்பதை ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். 2010-களில் வந்த பல தொகுப்புகளை இணைத்தவர்கள் ஜேம்ஸ் கிராண்ட், ஜோடி விஸ்டர்னாஃப் என்ற இருவர். முன்னவர் நிறுவனத்தை நடத்துபவர்களில் ஒருவர். பின்னவர் பிரிஸ்டல் நகரத்துக்காரர். 1990-களிலேயே நிக் வாரன் என்பவருடன் ‘வே அவுட் வெஸ்ட்’ என்ற பெயரில் இசை ஆக்கியவர்.

ஒரு நிறுவனம் தன் சரக்கை மட்டும் கொண்டு ஏன் தொகுக்கவேண்டும்? நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. ஓர் இசைப்பதிவைத் தொகுப்பில் சேர்க்க அதன் உரிமையாளரிடம் அனுமதி பெறவேண்டும். பதினைந்து நிறுவனங்களின் பதினைந்து பதிவுகள் என்றால் பதினைந்து கடிதங்கள், பதினைந்து ஒப்பந்தங்கள்; ஒன்று மறுத்தாலும் சரத்தில் ஓர் இடம் காலி. சொந்தப் பதிவுகள் என்றால் அத்தொல்லை குறைவு. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. சொந்தக் கடைச் சரக்கைப் பரப்பிவைக்கும் விளம்பரமாகவே தொகுப்பு முடிந்துவிடலாம். அப்படி முடிந்தவை ஏராளம். விளம்பரம் எது, இசை எது என்பது இணைக்கும் கையைப் பொறுத்தது.

அந்தக் கை என்ன செய்கிறது என்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் வேகம். ஹவுஸ் இசையில் மேளம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 முறை விழும். அதாவது அரை நொடிக்கு ஒன்று. ஒரு பாட்டு 120, அடுத்தது 121 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதானே வித்தியாசம் என்று இரண்டையும் ஒருசேர ஓடவிட்டால், முப்பதாவது நொடியில் ஒன்றின் தட்டு மற்றொன்றின் இரு தட்டுகளுக்கு நட்டநடுவில் வந்து விழும். ஓர் உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பாட்டி வீட்டில் பார்த்திருக்கும் பெற்றோர்க்கு இது சட்டென்று புரியும். இருவர் கையும் ஒத்துப் போகும்வரை அழகு. ஒருத்தி கொஞ்சம் முந்தினாலும் உலக்கையோடு உலக்கை மோதும். ஆகவே இரண்டாவது தட்டின் வேகத்தை முதலில் சரிசெய்யவேண்டும். 1979-இல் வந்த டெக்னிக்ஸ் 1200 எம்.கே.2 என்ற சுழல்மேசையில் இதற்கென நீளவாட்டில் தள்ளும் குமிழ் உண்டு. வேகத்தை நூற்றுக்கு எட்டுப் பங்கு வரை கூட்டலாம், குறைக்கலாம். அடுத்த தட்டை ஒரு காதில் மாட்டிய கேட்புக்கருவியில் தனியே கேட்டுக்கொண்டு, அரங்கில் ஒலிப்பதை மறு காதில் கேட்டுக்கொண்டு, விரல் நுனியால் சரிசெய்வார்கள். இரு காதுக்கும் இரு வேலை!

வேகத்தைக் கூட்டினால் சுருதியும் கூடிவிடும். ஒலிநாடா வேகமாக ஓடினால் குரல் கீச்சென்று கேட்குமே, அதுதான். கணினி வந்தபின் இந்தத் தொல்லை தீர்ந்தது. சுருதி மாறாமல் வேகத்தை மாற்றலாம். ‘ஏபிள்டன் லைவ்’ என்ற கணினி நிரல் 2001-இல் வெளியாயிற்று. சாஷா 2004-இல் வெளியிட்ட ‘இன்வால்வர்’ தொகுப்பில் இதைக் கொண்டு பிறர் பாட்டுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மறுபடி கட்டியே இணைத்தார். அங்கே தொடுப்பவருக்கும் ஆக்குபவருக்கும் இடையிலிருந்த வேலி சாய்ந்துவிட்டது எனலாம்.

அடுத்து, எங்கே இணைப்பது? இந்த இசைத்துண்டுகளின் தலைப்பிலும் வாலிலும் வெறும் மேளம் மட்டும் ஒரு நிமிடம் போல ஒலிக்கும். தனியே கேட்பவர்களுக்கு இது சலிப்பு. உண்மையில் அது பூவின் காம்பு; தொடுக்க இடம் வேண்டும் என்றே விட்டுவைத்தது. நான்கு தட்டுகள் ஓர் அளவு. நிமிடத்துக்கு 120 என்றால் ஓர் அளவு இரண்டு நொடி. எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு அளவுகளுக்கு ஒருமுறைதான் இசையில் புதிதாக ஏதேனும் நிகழும். முப்பத்திரண்டு அளவு என்றால் 64 நொடி. முதல் பாட்டு ஒன்றை விடும் அந்த 64-ஆவது நொடியில் இரண்டாவது பாட்டு ஒன்றைத் தொடங்கவேண்டும். ஆவர்த்தனம் முடியாமல் அடுத்த பல்லவியை எடுத்தால் நம் காதுக்கு எப்படி உறுத்துமோ, அப்படியே இங்கும் உறுத்தும்.

அதன்பின் சுருதி. சங்கீத வகுப்பில் படித்ததை இங்கே நினைவுகூரலாம். முதல் பாட்டு சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் இருக்கிறது. அதன் பஞ்சமத்தைச் சட்ஜமாகக் கொண்டு அதே ஸ்வர அமைப்பில் மற்றொரு பாட்டு இருக்கிறது என்போம். ஏழு ஸ்வரங்களில் ஆறு இரண்டுக்கும் பொது, ஒன்றே வேறுபடும். இத்தகைய இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கவிட்டால் காது நோகாது. பன்னிரண்டு சுருதிகளையும் கடிகார முகம் போல வட்டமாக எழுதிவைத்து, பக்கத்து எண்ணுக்கு மட்டும் நகர்வது இவர்களிடையே வழக்கத்தில் உள்ள முறை.

கடைசியாகக் கீழ்ஸ்தாயி. இரண்டு பாட்டுகளின் அடித்தொனியும் ஒரே நேரத்தில் ஒலித்தால் சேறு கலக்கியதுபோல் ஆகிவிடும். எனவே ஒன்றின் கீழ்ஸ்தாயியை முழுதும் குறைத்துக்கொண்டே மற்றொன்றைத் திறக்கிறார்கள். நன்றாகச் செய்தால், எந்த நொடியில் பழைய பாட்டு போய்ப் புதியது வந்தது என்று நமக்குத் தெரியாது. தெரிந்தபோது புதியது வெகுநேரமாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஆயினும் இவையெல்லாம் பழகினால் கைவந்துவிடும் வித்தைகள். கணினி இன்று இவற்றில் பாதியைத் தானே செய்துவிடுகிறது. நம் கணிப்பில், தொகுப்பவரின் உண்மையான வேலை வரிசைப்படுத்துவதில் இருக்கிறது. எதை முதலில் வைப்பது? எதற்குப் பக்கத்தில் எதை வைத்தால் இரண்டும் ஒளிபெறும்? இது தமிழர்க்குப் புதிய எண்ணம் அன்று. அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மர் அதில் ஒரு பாட்டையும் தம் மனம்போன இடத்தில் வைக்கவில்லை. ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை; நான்கில் முடிவன முல்லை; ஆறில் முடிவன மருதம்; இரண்டிலும் எட்டிலும் முடிவன குறிஞ்சி; பத்து, இருபது என வருவன நெய்தல். தொகுத்தவர் அவர், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ‘தொகுப்பித்தவர்’ என்று ஒரு தனிச்சொல்லே நம்மிடம் இருக்கிறது. இசைத்தட்டு நிறுவனம் இங்கே தொகுப்பித்தவர் இடத்தில் இருக்கிறது; டி.ஜே. தொகுத்தவர் இடத்தில் இருக்கிறார்.

அப்படியானால் பாடிய புலவர்கள் எங்கே? இங்குதான் இந்தக் கலையின் உறுத்தலான பகுதி வருகிறது. அட்டையின் முகப்பில் தொகுத்தவர் பெயர் பெரிதாக இருக்கும். இசையை ஆக்கியவர்களின் பெயர்கள் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும். விடுதியில் வாசிக்கும்போதோ அப்பொடி எழுத்தும் இல்லை. ஒரு தொகுப்பில் பாட்டின் முழு நீளமும் வருவதில்லை. எட்டு நிமிட இசை ஐந்து நிமிடமாகச் சுருங்கும். தலையும் வாலும் அடுத்தவர் இசைக்கு அடியில் மறையும். ஊர் பேர் தெரியாத இளைஞர் ஒருவர் தன் அறையில் மாதக்கணக்கில் உழைத்துச் செய்தது, வேறொருவரின் சரத்தில் ஒரு பூவாக முடிந்துவிடலாம்.

மறுபக்கமும் இருக்கிறது. அச்சரம் இல்லாவிட்டால் அந்தப் பூவை யார் பார்த்திருப்பார்கள்? இந்நிறுவனத்தின் வழியாக உலகறியப்பட்டவர்கள் சிலர் பின்பு தமக்கென முழு ஆல்பங்களையே வெளியிட்டார்கள். பின்லாந்தின் யோட்டோ 2018-இலும், ஜெர்மனியின் பென் போமர் 2019-இலும் இதே நிறுவனத்தில் தம் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தனர். பென் போமர் 2020-இல் துருக்கியின் கப்படோக்கியா மலைவெளிக்கு மேலே வெப்பக்காற்றுப் பலூனில் பறந்துகொண்டே வாசித்ததைப் படமாகப் பார்த்தவர்கள் பல இலட்சம். லண்டனைச் சேர்ந்த ‘இலை அண்டு ஃபர்’ என்ற இரு பெண்கள், தாமே எழுதி, தாமே பாடி, தாமே இசையமைத்து 2021-இல் தங்கள் ஆல்பத்தை இங்கே வெளியிட்டார்கள். ஆண்களே நிறைந்த இத்துறையில் இது சிறிய செய்தி அன்று.

பணத்தின் கணக்கும் சிறிது மாறியிருக்கிறது. நீண்ட மிக்ஸ் ஒன்று இணையத்தில் ஒலிக்கும்போது, அதற்குள் இருக்கும் பதினைந்து பாட்டுகளில் யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது வெகுகாலம் தீராத சிக்கலாக இருந்தது. ஒலியைக் கேட்டுப் பாட்டின் பெயரைச் சொல்லும் ‘ஷசாம்’ நுட்பத்தைக் கொண்டு, மிக்ஸுக்குள் உள்ள ஒவ்வொரு பாட்டையும் அடையாளங்கண்டு, உரியவர்களுக்குப் பங்கு அளிக்கும் முறையை ஆப்பிள் நிறுவனம் 2021-இல் அறிவித்தது. பொடி எழுத்துப் பெயர்களைப் படிக்க ஓர் இயந்திரமாவது முன்வந்ததே!

இத்தொகுப்புகளில் ஒன்றைக் கேட்க விரும்பும் மாணவியருக்கு ஒரு குறிப்பு மட்டும். இணையத்தில் இவை இரு விதமாகக் கிடைக்கின்றன: பாட்டுகள் தனித்தனியாகவும், இணைத்த முழு வடிவிலும். முழு வடிவையே தேடிக் கேளுங்கள். வரிசையைக் கலைத்துப் போடும் வசதி செயலியில் இருந்தால் அதை முதலில் அணைத்துவிடுங்கள். பிறகு பெயர்ப்பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பெயர் போய் அடுத்த பெயர் வரும் இடத்தைப் பென்சிலால் குறிக்க முயலுங்கள். இருவர் தனித்தனியே குறித்துப் பின் ஒப்பிட்டால், இரண்டு குறிகளும் ஒரே இடத்தில் விழுவது அபூர்வம்.